சண்டை முடிந்த பிறகு ஊரைக் கட்டும் சிப்பாய்களைப் பற்றிய படங்கள் சொல்லுங்கள் (அப்பாவுக்காக)

மாங்காய்மண்டி, காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பா ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சப்பர்ஸில் இருந்தவர். பெங்களூரு அல்சூரில் பயிற்சி முடித்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். 1971 வங்கதேசச் சண்டையின்போது அவருக்கு இருபது வயது. வரும் தை மாதம் 75 முடிகிறது.

டிவியில் பட்டாளப் படம் போட்டால் பாதியிலேயே எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். சின்ன வயதில் அவருக்குப் பழைய நினைப்பு வந்து மனசு கஷ்டப்படுகிறது என்று நினைத்துக்கொள்வேன். போன மாசம் நேராகவே கேட்டேன். "சுடறதோட படத்த முடிச்சுப்புடறாங்கடா. எங்களுக்கு வேலையே அதுக்கப்புறந்தான்"னு சொன்னார். பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது, உடைந்த ரோட்டைச் சரி செய்வது, கிணற்றில் கிடக்கும் பிணத்தை எடுத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்வது. இதெல்லாம் எந்தப் படத்தில் வருகிறது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால்தான் இங்கே கேட்கிறேன். சண்டை ஓய்ந்த ஊரில், ராணுவ ஆட்சிக்குக் கீழே, சிப்பாய்களும் ஊர்ச்சனங்களும் சேர்ந்து எதையாவது திரும்பக் கட்டுகிற மாதிரி படங்கள் உண்டா? எந்த நாட்டுப் படமானாலும் சரி.

மாங்காய் சீசன் முடிந்துவிட்டதால் எங்கள் மண்டி ஷெட் காலியாக இருக்கிறது. சுவரில் நாலு முழ வேட்டி கட்டி, வாடகை புரொஜெக்டர் வைத்துப் போடப் போகிறேன். அப்பாவோடு பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கத்துப் பட்டாளத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் வசனம் வேகமாகப் போனால் பிடிபடாது. நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிவிடுவேன்.

ஒரே ஒரு வேண்டுதல். அதிகாரி மட்டும் கடவுள் மாதிரி வந்து நிற்கிற படம் வேண்டாம். அப்பா இன்னொன்றும் சொன்னார். "யூனிஃபார்ம் யாருதா இருந்தா என்ன, புள்ளைங்க பாத்ததும் ஓடி ஒளிஞ்சுக்கும். நாம அவங்களுக்கு நல்லது பண்ண வந்தவங்கன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்?" அந்தப் பிள்ளைகள் பக்கமும் படத்தில் இருக்க வேண்டும்.

ரெண்டாவது ஷிஃப்ட், ஓசூர்

நண்பரே, நீங்கள் கேட்டதற்கு அச்சாக ஒரு படம் இருக்கிறது. 1945-ல் வந்த 'ஏ பெல் ஃபார் அடானோ'. ஜான் ஹெர்சி எழுதி புலிட்சர் பரிசு வாங்கிய நாவலை ஹென்றி கிங் படமாக எடுத்தார். நான் ஷிஃப்ட் முடிந்து வந்து ராத்திரி ஒரு மணிக்கு மேல் பழைய படம் பார்க்கிற ஆள். இதை மூன்று முறை பார்த்துவிட்டேன்.

இரண்டாம் உலகப் போரில், 1943 ஜூலையில் நேச நாட்டுப் படைகள் இத்தாலியின் சிசிலித் தீவில் இறங்கின. பிடித்த ஊர்களை நடத்த ராணுவ நிர்வாகம் என்று தனியாக ஒரு அமைப்பையே வைத்திருந்தார்கள். கதையில் மேஜர் ஜோப்போலோ என்பவர் அடானோ என்ற கடலோர ஊருக்குப் பொறுப்பாக வருகிறார். ஊர் கற்பனை. ஆனால் சிசிலியின் லிக்காட்டா என்ற நிஜ ஊரை வைத்து எழுதியது. ஜோப்போலோ இத்தாலிய வம்சத்து அமெரிக்கர் என்பதால் ஊர்ப் பேச்சு அவருக்குத் தெரியும். வந்ததும் ஊருக்கு முதலில் என்ன வேண்டும் என்று கேட்கிறார். சாப்பாடு என்கிறார்கள். மணி என்றும் சொல்கிறார்கள்.

எழுநூறு வருஷத்துப் பழைய மணி அது. முசோலினி ஆட்கள் பீரங்கி செய்ய உருக்குவதற்காக இறக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அது அடித்துத்தான் ஊர் எழுந்தது, சாப்பிட்டது, வேலையை முடித்தது. அது போன பிறகு ஊருக்கு நேரமே இல்லை. நம் ஊர்த் தேரையோ அம்மன் கோயில் மணியையோ ஒருவன் கொண்டுபோய் உருக்கிவிட்டால் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள், உங்கள் ஆட்களுக்குப் புரியும்.

எனக்குப் படத்தில் உயிரான இடம் கோவேறு கழுதை வண்டி விவகாரம். ரோட்டில் ஒரு வண்டி வழி மறித்தது என்று தளபதி ஒருவர் கோபப்பட்டு, இனி ஊருக்குள் வண்டியே வரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிடுவார். ஊருக்குத் தண்ணீரும் தானியமும் வருவதே அந்த வண்டிகளில்தான். ஜோப்போலோ அந்த உத்தரவை ரத்து செய்கிறார். அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதைப் படத்தில் பாருங்கள். அதிகாரி கடவுளாக வருகிறாரா என்று கேட்டீர்கள். கொஞ்சம் வருகிறார்தான். ஆனால் அவருக்கு மேலே ஒரு அதிகாரி இருக்கிறார், அவர் நினைத்தால் ஒரு காகிதத்தில் எல்லாம் போய்விடும் என்பதையும் இந்தப் படம் மறைக்கவில்லை.

வாத்தியார் மகள், பென்னாகரம்

அண்ணா, 1956-ல் வந்த 'தி டீஹவுஸ் ஆஃப் தி ஆகஸ்ட் மூன்' படத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கையோடு.

சண்டையில் அமெரிக்க ராணுவம் பிடித்த ஜப்பானின் ஒக்கினாவா தீவில் ஒரு கிராமம். ஐங்கோண வடிவத்தில் பள்ளிக்கூடம் கட்டி ஜனநாயகம் சொல்லிக்கொடு என்று ஒரு கேப்டனை அனுப்புகிறார்கள். அமெரிக்க ராணுவத் தலைமையகக் கட்டிடம் அந்த வடிவம், அதனால் பள்ளிக்கூடமும் அதே வடிவம்! ஊர்க்காரர்கள் எங்களுக்குத் தேநீர் விடுதி வேண்டும் என்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்த மரத்தில் தேநீர் விடுதி எழுகிறது. ஊர் பிழைக்க வழியில்லாமல் நின்றபோது சர்க்கரைவள்ளிக் கிழங்கில் காய்ச்சிய சாராயத்தை ராணுவ முகாம்களுக்கே விற்று நிமிர்ந்துகொள்கிறார்கள். அதை எல்லாம் இடித்துத்தள்ளு என்று மேலதிகாரி சொல்லும்போது ஊர் என்ன செய்கிறது என்பதுதான் கதையின் உயிர். சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

எங்கள் அப்பா தெருக்கூத்து வாத்தியார். சின்னதிலிருந்து விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவள் நான். இந்தப் படத்தில் வரும் மொழிபெயர்ப்பாளன் சக்கினியைப் பார்த்ததும் எங்கள் கட்டியங்காரன்தான் கண்ணில் வந்தான். திரும்பி நம்மிடம் நேராகப் பேசுகிறான், ராஜாவுக்கு ஒன்று சொல்கிறான், சபைக்கு ஒன்று சொல்கிறான். பிடிபட்ட ஊரில் அதிகாரிக்கும் சனத்துக்கும் நடுவில் நிற்கும் அந்த ஒரு ஆள் கையில்தான் எல்லாமே இருக்கிறது. அவன் எதை மாற்றிச் சொல்கிறானோ அதுதான் ஊருக்கு விதி.

எச்சரிக்கை என்னவென்றால், அந்த ஒக்கினாவா ஆளாக நடிப்பது மார்லன் பிராண்டோ. கண்ணை இழுத்து மேக்கப் போட்டுக்கொண்டு. எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் எனக்கு அதை உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. அந்த ஊர் ஆளுக்கு இருந்த பெரிய வேஷத்தை அந்த ஊர் ஆளிடம் கொடுக்கவில்லை. இன்னொன்று, படம் சிரித்துக்கொண்டே முடிகிறது. ஒக்கினாவா ஜப்பானுக்குத் திரும்பக் கிடைத்தது 1972 மே மாதத்தில். படம் வந்து பதினாறு வருஷம் கழித்து. உங்கள் ஷெட்டில் போட்டால் இதையும் சொல்லிவிடுங்கள்.

நம் பக்கத்திலும் யோசித்துப் பாருங்கள். பகைவர் கோட்டையை வென்று, ரத்தம் காயாத மண்ணில் கழுதையைப் பூட்டி உழுது வரகும் கொள்ளும் விதைத்தான் என்று அதியமான் மகனை ஔவை பாடியிருக்கிறார். தகடூர் என்கிற நம் தர்மபுரி வீட்டுப் பாட்டு. அந்த மண்ணை மறுபடி நெல்லு விளைகிற மண்ணாக மாற்றியது யார் என்று அந்தப் பாட்டில் இல்லை. உங்கள் அப்பா கேட்கிற கேள்வி ரொம்பப் பழைய கேள்வி அண்ணா.

பழைய கணக்குப்பிள்ளை, கிருஷ்ணகிரி

தம்பி, படம் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. முப்பது வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் நீங்கள் கேட்கிற கதை சிசிலியில் நடப்பதற்கு 150 வருஷம் முன்னால் நீங்கள் உட்கார்ந்திருக்கிற மண்ணில் நடந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1791 நவம்பரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கிருஷ்ணகிரிக் கோட்டையை ராத்திரியில் தாக்கியது. கீழ்க்கோட்டை விழுந்தது. மலைமேல் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். அடுத்த மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கையெழுத்துப் போட, ஏறிப் பிடிக்க முடியாத கோட்டையோடு நம் பக்கத்துச் சீமையான பாராமகால் முழுவதும் காகிதத்தில் கைமாறிவிட்டது. இதை நடத்த யாரை அனுப்பினார்கள்? சிவில் அதிகாரிகளை அல்ல, பட்டாளத்துக்காரர்களை. கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே மன்றோ, மெக்லியாட், கிரஹாம். காரணம் என்ன தெரியுமா? அப்போதைய மதராஸ் சிவில் அதிகாரிகளுக்கு நாட்டு மொழி தெரியாது, இந்தப் பட்டாளத்துக்காரர்களுக்குத் தெரியும் என்று கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் நினைத்தார். ஓசூர் நண்பர் சொன்ன மேஜர் கதையும் அங்கேதான் தொடங்குகிறது பாருங்கள், ஊர்ப் பேச்சில்.

மன்றோ தர்மபுரியில் ஏழு வருஷம் இருந்தார். குதிரையில் ஊர் ஊராகப் போய் வயல் வயலாக அளக்க வைத்தார்கள். நடுவில் பாளையக்காரர், குத்தகைக்காரர் இல்லாமல் உழுகிறவன் பேரிலேயே நேராக வரி எழுதும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது. 1799-ல் கன்னடக் கரைக்கு மாற்றல் வந்தபோது அவர் மனசில்லாமல்தான் போனார் என்று அவர் கடிதங்களிலிருந்து தெரிகிறது. பிறகு மதராஸ் கவர்னராகி, 1827-ல் சுற்றுப்பயணத்தில் காலரா கண்டு இறந்தார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் மனசில் இருப்பதையும் சொல்கிறேன். இதைப் படமாக எடுத்தால் நான் மன்றோவை முதலில் காட்ட மாட்டேன். விடிகாலை, புங்க மர வரப்பில் ஒரு குடியானவன் நிற்கிறான். இரண்டு பேர் அவன் கேழ்வரகுக் கொல்லையில் சங்கிலியை இழுத்துப் போடுகிறார்கள். சங்கிலி கதிர் மேல் விழுகிறது. மைசூர்க் குதிரைகளும் கம்பெனிக் குதிரைகளும் மாறி மாறி மிதித்த கொல்லை அது. இவர்கள் நிலத்தைத் தன் பேரில் எழுதிக் கொடுக்க அளக்கிறார்களா, தன்னிடமிருந்து அதிகமாகப் பிடுங்க அளக்கிறார்களா? அவனுக்குத் தெரியாது. உண்மையில் இரண்டுமே நடந்தது. நிலம் அவன் பேருக்கு வந்தது, கிஸ்தியும் அவன் கழுத்துக்கு வந்தது. தீர்வை கனமாக இருந்தது. நல்ல மனசுள்ள அதிகாரி போட்ட கணக்கு, அவர் போன பிறகு நல்ல மனசில்லாதவர் கையிலும் அதே கணக்காகத்தான் இருக்கும்.

என் சர்வீஸில் ஒவ்வொரு வருஷமும் ஜமாபந்தி என்கிற வருவாய்க் கணக்குத் தணிக்கைக்கு, அடங்கல் என்கிற பயிர்க் கணக்கைத் தூக்கிக்கொண்டு தாலுக்கா ஆபீஸ் போகும்போது இதை நினைத்துக்கொள்வேன். ரீட்டும் மன்றோவும் எழுப்பிய கட்டிடம் இருக்கிறதோ இல்லையோ, அவர்கள் போட்ட வழக்கத்தில்தான் நாம் இன்னும் உட்கார்ந்திருக்கிறோம்.

மாங்காய்மண்டி, காவேரிப்பட்டணம்

ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சங்கிலி கதிர் மேல் விழுகிற இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார்: "நாங்க போனது ஆள்றதுக்கு இல்லயே. அதையும் இதோட சேக்கலாமா?"

அடானோ படத்தை இந்த ஞாயிறு போடுகிறேன்.

பழைய கணக்குப்பிள்ளை, கிருஷ்ணகிரி

சேர்க்கக் கூடாதுதான். 1971-ல் நம் ராணுவம் போன காரணம் வேறு. டிசம்பர் 16-ல் சரண் வாங்கி, மார்ச் மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. கம்பெனி திரும்பிப் போகவே இல்லை. ஆனால் ஓடி ஒளிந்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது உங்கள் அப்பாதான் தம்பி. அந்தப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரிய எத்தனை நாள் ஆனது என்று அவரிடமே கேளுங்கள்.

ரெண்டாவது ஷிஃப்ட், ஓசூர்

படம் போடும்போது அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். இத்தாலிச் சண்டையில் மெட்ராஸ் சப்பர்ஸும் இருந்தார்கள். 1944-ல் அங்கே வெடிக்கப் போன கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்ரமணியத்துக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். ஹாலிவுட் காட்டாத அந்தப் படையில் நம் தம்பிமார்களும் உண்டு.

அடுத்த மாசத்துக்கு, ஊர்க்காரர்கள் பக்கமிருந்து பார்க்க வேண்டுமானால் ரொசெல்லினியின் 'பைசா' (1946). ஆறு தனிக் கதைகள். நேப்பிள்ஸ் கதையில், குடித்துவிட்டுத் தூங்கும் அமெரிக்கச் சிப்பாயின் பூட்ஸை ஒரு பொடியன் திருடுவான். அப்புறம் அந்தச் சிப்பாய் அவனைப் பிடித்து, உன் வீடு எங்கே காட்டு என்று போவான். அவன் போய்ப் பார்க்கிற இடம் இருக்கிறதே, அதற்கு மேல் நான் எழுதவில்லை. உங்கள் அப்பா சொன்ன பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

மாங்காய்மண்டி, காவேரிப்பட்டணம்

ஞாயிறு படம் போட்டாயிற்று. எழுத நாலு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

ஒன்பது பேர் வந்தார்கள். ஷெட்டில் இன்னும் மாங்காய்ப் பால் வாசனை போகவில்லை. மாங்காய்ப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள், அப்பாவுக்கு மட்டும் வீட்டிலிருந்து நாற்காலி. நான் வேட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தேன். மணியை இறக்கிக்கொண்டு போன கதைக்கு எல்லோரும் 'உச்' கொட்டினார்கள். கழுதை வண்டி உத்தரவு வந்ததும் அப்பா நாற்காலிக் கையைத் தட்டி, "நிறுத்துடா"ன்னார். பிடிக்காமல் எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேச ஆரம்பித்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் எங்கள் யாரிடமும் சொல்லாத விஷயம்.

சின்ன ஆறு. பாலத்தைப் பாகிஸ்தான் படை பின்வாங்கும்போது வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. இவர்கள் பெய்லி பாலம் போடுகிறார்கள், துண்டு துண்டாக மாட்டிக் கழற்றுகிற இரும்புப் பாலம். ஒரு பேனல் பத்தடி நீளம், அஞ்சடி உயரம், ஆறு பேர் கம்பு கொடுத்துத் தூக்க வேண்டும். பேனலுக்குப் பேனல் இரும்புப் பின் அடித்துச் சேர்ப்பது. பின் ஒரு சாண் நீளம், இரண்டரை கிலோவுக்கு மேல் இருக்கும். எதிரில் இருக்கிற ஆள் தெரியாத பனி. முதல் நாள் ஊரில் ஒரு சுடுகுஞ்சு கண்ணில் படவில்லையாம். கதவெல்லாம் சாத்தியே இருந்ததாம். நாலாம் நாள் ஒரு கிழவர் ஈச்ச வெல்லம் போட்டு டீ கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "நம்ம பனவெல்லம் மாதிரியே, ஆனா ஒரு புகை வாசன இருக்கும்"னார் அப்பா. ஐயா கேட்டீர்களே எத்தனை நாள் என்று, பிள்ளைகள் பக்கத்தில் வர ஒன்பது நாள் ஆனதாம். ஓடக்காரர் மகன் ஒருத்தன், எட்டு வயசு இருக்கும், அப்பாவோடு உட்கார்ந்து பின்களைத் துடைத்துக் கொடுப்பானாம். அவன் வங்காளியில் எண்ணுவான், இவர் தமிழில் எண்ணுவார்.

பாலம் போட்டதும் முதலில் மிலிட்டரி லாரி மட்டும்தான் என்று உத்தரவு. ரெண்டு நாள் கழித்துத்தான் ஊர்க்காரர்களை விட்டார்கள். அதற்கப்புறம் மாட்டு வண்டி, சந்தைக்குப் போகிற பெண்கள், பாடை, கல்யாண ஊர்வலம் என்று எல்லாமே அதில்தான் போனதாம்.

இதுவரைக்கும் சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்தில் இருந்த ராயக்கோட்டை மாமாதான், அவரும் சப்பர், "கழட்டச் சொன்னாங்களா?"ன்னு கேட்டார். அப்பா தலையாட்டினார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெய்லி பாலம் ராணுவச் சாமான். யூனிட் கிளம்பினால் அதுவும் கிளம்பும். மார்ச்சில் திரும்பச் சொல்லி உத்தரவு வந்ததும், போட்ட கையாலேயே கழற்றியிருக்கிறார்கள். ஊர் முழுக்கக் கரையில் வந்து நின்றதாம். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் கெஞ்சவில்லை. "அவங்க திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்"னார். ஓடக்காரர் ரெண்டு நாள் முன்னாடியே ஓடத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கீல் பூசிக்கொண்டிருந்தாராம். இவர்களுக்கு உத்தரவு வருவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நாங்க என்ன நெனச்சு வந்தோம்னு எங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரிஞ்சது, பட்டாளம்னா ஒரு நாள் எடுத்துக்கிட்டுப் போயிரும்கறதுதான்."

மீதிப் படத்தையும் போட்டேன். மேஜருக்கு மாற்றல் உத்தரவு வருவதையும், அவர் போகும்போது புது மணி அடிப்பதையும் பார்த்தார்கள். அப்பா முழுசாகப் பார்த்தார், எழுந்து போகவில்லை. மற்றவர்கள் கைதட்டினார்கள். அவர் கைதட்டவில்லை, ஆனால் படம் நல்லா இருந்தது என்று சொன்னார். "அவருக்குக் குடுத்துட்டுப் போற பாக்கியம் இருந்தது" என்று ஒரு வார்த்தை.

ராத்திரி வீட்டுக்கு நடந்து வரும்போது நான் ஒன்று கேட்டேன். சாமானை எல்லாம் எண்ணி ஒப்படைக்க வேண்டுமே, சரியாக இருந்ததா என்று. பேனல் எல்லாம் சரியாக இருந்தது, பின்னில் ஒன்று குறைந்தது என்றார். லாரியில் ஏறும்போது அந்தப் பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றானாம். சட்டைக்குள் கனமாக ஏதோ தொங்கியதை இவர் பார்த்திருக்கிறார்.

"கேக்கலியா அப்பா?"

"ஆத்துல வுழுந்துருச்சுன்னு எழுதிக் குடுத்தேன்."

அடுத்த மாசம் பைசா போடுகிறோம். பென்னாகரம் தங்கச்சி அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் சந்தோஷப்படுவோம். கணக்குப்பிள்ளை ஐயா, நீங்களும் கட்டாயம் வர வேண்டும். காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாங்காய் மண்டி என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். உங்களுக்கும் ஒரு நாற்காலி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் அப்பா.